கிடை ஆடுகளுக்கு ஊர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதிச் செம்மறி ஆடுகள் செத்துப்போன செய்தி வந்திருந்தது. 'நாடோடிகளின் ஆடுகள்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதே நாள் கடைசிப் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரில் நிற்கும் பறவைகளின் வண்ணப்படம். அதற்குக் கீழே 'வலசை முடிந்து திரும்பும் விருந்தாளிகள்' என்று எழுதியிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வருஷம் தவறாமல் ஒரே பருவத்தில் ஒரே தடத்தில் போய்விட்டுத் திரும்பி வருவது பறவையாக இருந்தால் வலசை என்கிறீர்கள். ஆடும் ஆட்டுக்காரருமாக இருந்தால் நாடோடி என்கிறீர்கள். இந்தக் கணக்குத்தான் எனக்குப் பிடிபடவில்லை.

நான் ராமநாதபுரம் மாவட்டம் ராஜசிங்கமங்கலம் வட்டத்துக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா கீதாரி. இந்தச் சொல் வடக்கே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலைந்து குடும்பத்து ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டிக்கொண்டு போகும்போது, எந்த ஊர் வயலில் எத்தனை ராத்திரி தங்குவது, கூலி என்ன, எந்தப் பாதையில் போவது என்று முடிவு செய்கிறவர்தான் கீதாரி. அப்பாவுக்குப் பிறகு இப்போது என் தம்பி அந்த வேலையைப் பார்க்கிறான். அவனுக்கு ஊரில் காரை வீடு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது, குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரிகூடப் பாக்கி இல்லை. இவனை நாடோடி என்று எழுதினால் முதலில் கோபப்படுவது அவன் இல்லை, வரி வசூலிக்கும் கோயில் நாட்டாண்மைதான்.

எங்கள் ஊர்க் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்வார்கள். நாரைகூட ஒரே மூச்சில் தாண்ட முடியாத அகலமாம். பெயர் பெரிய பெயர்தான், ஆனால் மழை பெய்தால்தான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்கு மழையை நம்பி ஒரு போக நெல் விளையும். அந்த மாதங்களில் கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் புல் கிடைக்கும், ஆடுகள் ஊரிலேயே மேயும். தையில் அறுவடை முடியும். தாள் மேய்ந்து முடிகிறபோது மாசி பிறந்துவிடும். அதற்கு மேல் எங்கள் பூமியில் ஆட்டுக்குத் தீனி என்றால் சீமைக் கருவேல நெற்றுத்தான். அதைத் தின்றே ஒரு மந்தை கோடையைக் கடக்க முடியாது. அப்போதுதான் கிடை, அதாவது ராத்திரி வயலில் அடைத்து எருப் போட ஓட்டிப் போகும் மந்தை, புறப்படும்.

போகிற இடம் சோழநாடு. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். தொண்டி, மீமிசல், கட்டுமாவடி, பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று கடலோரமாகவே ஒரு தடம். அறந்தாங்கி வழியாக உள்ளே இன்னொரு தடம். நினைத்த நேரத்தில் நினைத்த வயலில் போய் இறங்கிவிட முடியாது. டெல்டாவில் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்ததும் அடியில் உளுந்துச் செடி தலைகாட்டும். அந்த நேரத்தில் மந்தை நுழைந்தால் வம்புதான். 'ஆடுகளால் பயிர் சேதம், விவசாயிகள் வேதனை' என்று நீங்கள் போடும் செய்திகளில் முக்கால்வாசி இந்த நாட்களில் நடப்பவை. அனுபவப்பட்ட கீதாரி மாசி முழுக்கப் புதுக்கோட்டைச் சீமையின் தரிசுகளில் பொழுதை ஓட்டிவிட்டு, உளுந்து எடுத்த சேதி வந்த பிறகுதான் உள்ளே போவார். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் கிடைக்கு நல்ல மாதங்கள். வயல் சும்மா கிடக்கும், விவசாயிக்கு எரு வேண்டும், ஆட்டுக்குத் தாளும் வரப்புப் புல்லும் வேண்டும்.

திரும்புவது மேட்டூர் அணையின் கையில் இருக்கிறது. ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலில் ஏறி விட்டால் வயலில் ஏர் இறங்கிவிடும், ஆட்டுக்கு அங்கே வேலை இல்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். விவசாயிகளுக்குக் கொண்டாட்டம். தம்பி மூன்று ஊரில் பேசி வைத்திருந்த கிடையை விட்டுவிட்டு மூட்டை கட்டினான். 2024-இல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த வருஷம் ஆடியிலும் கிடை மன்னார்குடிப் பக்கம் இருந்தது. குடகு மலையில் மழை பெய்வதற்கும் எங்கள் ஊர் ஆடு வீடு திரும்புவதற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. தேதி குறித்து, அணைக் கணக்குப் பார்த்துப் போய்வருகிறவர்களைப் போக்கிடம் இல்லாமல் சுற்றுகிறவர்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு நானும் கிடைக்குப் போயிருக்கிறேன். அந்த வேலையைப் பார்த்தவர்கள் யாரும் அதை வெறும் மேய்ச்சல் என்று சொல்ல மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் மந்தையை வயலுக்கு ஓட்டி வந்து, சுற்றிலும் வலை கட்டி அடைப்போம். அப்போது கயிற்று வலை, இப்போது நைலான். அடைத்தவுடன் ஆடு படுக்காது. கொஞ்ச நேரம் நின்றபடியே அசை போடும், இடம் மாறும், ஒன்றோடொன்று முட்டும், அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் படுக்கும். நள்ளிரவுக்கு மேல் ஒருமுறை உள்ளே புகுந்து எல்லாவற்றையும் எழுப்பிவிட வேண்டும். எழுந்ததும் ஆடு செய்கிற முதல் காரியம் மூத்திரம் பெய்வது. பிறகு வேறு இடத்தில் போய்ப் படுக்கும். இப்படி எழுப்பினால்தான் வயல் முழுக்கப் பரவலாக எரு விழும். சோம்பல்பட்டுத் தூங்கிவிட்டால் காலையில் வயல்காரர் வந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஓர் இடம் கறுப்பாகவும் ஓர் இடம் வெறிச்சென்றும் கிடக்கும். "என்ன கோனாரே, ராத்திரி நல்ல தூக்கமா?" என்று கேட்பார். அப்பாவுக்கு அந்தக் கேள்வி அடி வாங்கினது போல.

மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த பாத்தியில் கட்டுவோம். "அந்த ஈசானி மூலை கொஞ்சம் மேடு, போன வருஷம் அங்கே விளைச்சல் இல்லை, இன்னொரு ராத்திரி சேர்த்துப் போடுங்க" என்று வயல்காரர் சொல்வார். 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று ஒரு சொலவடை உண்டு. ஆட்டுப் புழுக்கை அந்தப் போகத்திலேயே பலன் தரும். வண்டி வைத்துப் புழுக்கையை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினால் பாதிப் பலன்தான், மூத்திரம் வராதே! அதனால்தான் யூரியா மூட்டை வந்த பிறகும் ஆட்டையே வயலில் படுக்க வைக்கிறார்கள். முன்பு கூலி நெல்லாக வரும், மரக்கால் கணக்கு. இப்போது ராத்திரிக்கு இவ்வளவு என்று ரொக்கம்.

குட்டி போடுகிற ஆடுகளின் கதை தனி. ராத்திரி எத்தனை மணிக்கு ஈன்றாலும் குட்டியைத் துடைத்து, சீம்பால் ஊட்டி, கூட்டுக்குள் விட வேண்டும். தாய் காலையில் மேய்ச்சலுக்குப் போய்விடும், குட்டி கூட்டோடு கிடையிலேயே இருக்கும். பெண்களின் வேலை இதுதான். நூற்றுக்கணக்கில் ஆடு திரும்பி வரும் சாயங்காலத்தில் எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்று அம்மா குரலை வைத்தே பிரித்துவிடுவாள். எனக்குக் கடைசி வரைக்கும் அது வரவில்லை. காது வெட்டைப் பார்த்து எந்தக் குடும்பத்து ஆடு என்று சொல்லும் அளவுக்குத்தான் தேறினேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பேரைப் பற்றி ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெயர்தான் ஒவ்வொரு வாசலிலும் எங்களுக்கு முன்னால் போய் நிற்கிறது. சில வருஷங்களுக்கு முன் தம்பியின் ஆடுகள் மேல் ஒரு வண்டி ஏறியது. புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வியே "நீங்க நாடோடிங்கதானே, நிரந்தர விலாசம் உண்டா?" என்பதுதான். விலாசத்தைச் சொன்னான். "அப்ப அங்க போய்க் கொடுங்க" என்றார்கள். இழப்பீடு கேட்க வேண்டுமானால் கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். செத்த ஆட்டைச் சித்திரை வெயிலில் எத்தனை நேரம் போட்டு வைப்பது? விலாசம் இல்லையென்றாலும் தொல்லை, இருந்தாலும் தொல்லை. கடைசியில் வண்டிக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஆடுகளைப் புதைத்துவிட்டு, அன்று சாயங்காலமே அடுத்த ஊர் வயலில் வலை கட்டினார்கள். அங்கேயும் வாக்குக் கொடுத்திருந்தது.

அரிசியிலும் இதே கதை. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ஊர் அட்டைக்கும் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். கைரேகை வைத்தால் போதும். சட்டம் நல்ல சட்டம். ஆனால் தார்ப்பாய்க் கூடாரத்திலிருந்து ஒரு பெண் பையோடு வந்து நின்றால், கடைக்காரரின் கண்ணுக்கு முதலில் தெரிவது அட்டை இல்லை. தடுப்பூசியும் அப்படியே. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊரில் முகாம் போடுகிற நாளில் ஆடு நூறு மைல் தள்ளி இருக்கும். இருக்கிற ஊரில் முகாம் போட்டால் "உள்ளூர் ஆட்டுக்கு முதலில்" என்பார்கள். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தேடி வந்து ஊசி போட்ட மருத்துவர்களும் உண்டு, அவர்களுக்குக் கிடையில் நல்ல பெயர்.

'வலசை' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருந்த பழைய அகராதியைப் புரட்டியபோது எனக்கே ஆச்சரியம். அதில் பறவையும் இல்லை, யானையும் இல்லை. எதிரிப் படைக்குப் பயந்து ஜனங்கள் ஊரை விட்டுக் கூட்டமாகப் போவதுதான் வலசை என்று இருந்தது. அதாவது இது ஆதியில் மனிதர்களுக்கு உரிய சொல், அதுவும் பயத்தில் பிறந்த சொல். தெலுங்கில் இதே சொல் 'வலச', கன்னடத்தில் 'வலசெ'. ஆந்திரப் பத்திரிகைகள் இன்றைக்கும் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை 'வலச கூலீலு' என்றுதான் எழுதுகின்றன. நாம்தான் மனிதர்களுக்குப் 'புலம்பெயர்', 'இடம்பெயர்' என்று வேறு சொற்களை எடுத்துக்கொண்டு, வலசையைப் பறவைக்கும் யானைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் மாவட்டத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: புதுவலசை, சாத்தக்கோன்வலசை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் இப்படி வலசை என்று முடியும் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே வரும். எங்கிருந்தோ பெயர்ந்து வந்து குடியேறிய இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்தார்கள், தங்கினார்கள், கிணறு வெட்டினார்கள், இன்றைக்கு அது அவர்கள் ஊர். ஆக ஓடிப்போனதும் வலசை, போய்க் குடியேறியதும் வலசை, போய்விட்டுத் திரும்பி வருவதும் வலசை. இத்தனையைத் தாங்கின சொல் எங்கள் ஆட்டையும் தாங்கும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் யாரும் வலசை என்று சொன்னது கிடையாது. "கிடைக்குப் போயிருக்கான்", "கிடை திரும்பிருச்சு", அவ்வளவுதான். வலசை என்பது நான் பத்திரிகையில் படித்துக் கற்றுக்கொண்ட பிரயோகம். தம்பியிடம் "நீ போறதுக்குப் பேரு வலசையாம்" என்றால், "அந்தப் பேருக்கு டீசல் மானியம் உண்டா?" என்று கேட்கிற ஆள். அதனால் நீங்கள் வலசை என்று எழுதினால் சந்தோஷம். கிடை என்று எழுதினால் இன்னும் சந்தோஷம். சொல்லுக்குப் பஞ்சம் இல்லாத மொழியில் நாடோடி என்று எழுதுவதுதான் உறுத்துகிறது. நாடோடி என்பதும் கெட்ட வார்த்தை இல்லை, உண்மையிலேயே ஊர் ஊராக வாழ்கிற சமூகங்கள் நம்மிடையே உண்டு, அவர்கள் கஷ்டம் பெரிய கஷ்டம். அவர்கள் பெயரை எங்களுக்கு ஒட்டினால் அவர்கள் பிரச்சினையும் தீராது, எங்கள் பிரச்சினையும் தீராது.

வெளிநாட்டில் இதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் கோடை மேய்ச்சலுக்கும் குளிர்கால மேய்ச்சலுக்கும் மந்தையை மாற்றி ஓட்டுவதை 'டிரான்ஸ்ஹ்யூமன்ஸ்' என்கிறார்கள். மண் மாறிப் போவது என்று அர்த்தமாம். ஆஸ்திரியா, கிரீஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்து கேட்டு 2019-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2023-இல் ஸ்பெயின், பிரான்ஸ், ருமேனியா எல்லாம் சேர்ந்து பத்து நாடுகள் ஆகிவிட்டன. ஸ்பெயினில் மந்தை நடக்கிற பாதைகளைக் காப்பாற்ற 1995-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பெரிய பாதைகள் 75 மீட்டர் வரைக்கும் அகலம். நம் ஊர் நாலுவழிச் சாலையைவிட அகலமான ஆட்டுப் பாதை! தலைநகர் மாட்ரிட்டில் 1994-லிருந்து இலையுதிர் காலத்தில் மந்தையை நகர நடுவே ஓட்டிப் போகிறார்கள். பழைய உரிமையை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஆயிரம் ஆட்டுக்கு இத்தனை காசு என்று அந்தக் காலத்து நாணயத்தில் மாநகராட்சிக்குச் சுங்கமும் கட்டுகிறார்கள். மருமகன் கைப்பேசியில் காட்டினான். ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்டுகிறார்கள். பட்டுக்கோட்டையில் ஆரன்தான் அடிப்பார்கள்.

அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு, இல்லாமல் இல்லை. அவர்கள் மலைக்கும் சமவெளிக்கும் நடுவே போகிறார்கள், நம் நாட்டில் இமாச்சலத்துக் 'கத்தி' இன மேய்ப்பர்களும் காஷ்மீரத்துப் 'பக்கர்வால்' இன மேய்ப்பர்களும் போவதைப் போல. நாங்கள் காய்ந்த பூமிக்கும் நனைந்த பூமிக்கும் நடுவே போகிறோம். மேய்ச்சல் நிலத்தில் மட்டும் இல்லாமல் அடுத்தவர் வயலில், அவர் கூப்பிட்டு, கூலி கொடுத்துத் தங்குகிறோம். எனக்குத் தெரிந்தவரை இது அவர்கள் ஏற்பாட்டைவிட ஒருபடி கெட்டிக்காரத்தனமானது. இதற்கு யாரும் விழா எடுக்கவில்லையே என்பது என் வருத்தம் இல்லை. நடக்கப் பாதை வேண்டும், அவ்வளவுதான்.

பாதை இருந்தது. கிராமக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை நிலம் உண்டு, 'மந்தைவெளி' என்று ஒரு வகை உண்டு. சென்னை மந்தைவெளியில் இன்று மந்தை இல்லை, அதை விடுங்கள். எங்கள் பக்கத்து மேய்க்கால் புறம்போக்குகளில் சிலதில் அரசுக் கட்டடம் வந்துவிட்டது, சிலதில் கருவேலம் அடர்ந்து ஆடு நுழைய முடியவில்லை, சிலதைக் கணக்கிலேயே வேறு வகைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் ஆடு தார்ச்சாலைக்கு வந்தது. நெடுஞ்சாலையில் நடுவே சுவர் மாதிரிக் கட்டையைக் கட்டிவிட்டால் மந்தை பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக நின்றுவிடும். முன்னால் போகிற ஆடு எங்கே தாண்டுகிறதோ அங்கேதான் பின்னால் வருவதும் தாண்டும், லாரி வருவதைப் பார்த்து நிற்காது. நீங்கள் போட்ட செய்தியில் 'ஆடுகள் திடீரெனச் சாலைக்குள் புகுந்தன' என்று இருந்தது. ஆட்டின் தடத்துக்குள் சாலை புகுந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயிலில் யானை அடிபடாமல் இருக்க 2024-இல் கேமரா வைத்துக் கண்காணிக்கிற ஏற்பாடு செய்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் யானைக்குச் சுரங்கப் பாதையும் இருக்கிறது. நல்ல காரியம். எங்கள் பக்கத்துச் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களைப் பறவைகளுக்காக 2022-இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். அதுவும் நல்ல காரியம். பறவை வருகிறது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, கூந்தன்குளத்தைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலசை என்ற சொல்லுக்கு இந்த மரியாதை சும்மா வரவில்லை. பத்திரிகைகள் எழுதி எழுதித்தான் வந்தது. அந்தச் சொல்லோடு பாதை, காப்பு, பருவம், திரும்பி வருதல் எல்லாம் சேர்ந்து வருகிறது. நாடோடி என்ற சொல்லோடு 'இங்கிருந்து கிளப்பு' என்பதுதான் வருகிறது.

அரசாங்கத்தின் ஏடுகளில்கூட இந்த வேறுபாடு இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், ஓரிடத்தில் தங்கி மேய்ப்பதையும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ப்பதையும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டையும் உரிமை என்கிறது. எங்கள் ஆடு காட்டுக்குப் போவதில்லை. கிடை மாடு வைத்திருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் என்றார்கள். அதில் ஊர் மாறிப் போய்வருகிற கிடை ஆடு எத்தனை என்று எங்கும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக மேய்ச்சல் சமூகங்களைப் பற்றித் தனியாகக் கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையோ இந்த 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. அதற்காகவாவது இந்த வருஷம் ஒருமுறை தலைப்பை மாற்றிப் பாருங்களேன்.

எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் என்று வாதாட நான் வரவில்லை. பெற்றவர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சின்னப் பையன்களை ஆடு மேய்க்க வைத்துக்கொண்ட கீதாரிகள் இருந்தார்கள். அதிகாரிகள் போய் மீட்ட செய்திகளை நீங்கள் போட்டிருக்கிறீர்கள். சத்துணவுக் கூடத்தில் தட்டோடு உட்கார வேண்டிய பிள்ளை வெயிலில் தொரட்டிக் கம்போடு நின்றதை நானே பார்த்திருக்கிறேன், சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் சண்டை போட்டிருக்கிறேன். அதை எழுதுங்கள், பெயர் போட்டு எழுதுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல், இன்னும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதே போல ஆடு மேய்ந்து உளுந்து போனால் அந்த விவசாயியின் நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் அந்தச் செய்திக்கு 'கிடை ஆடுகள் புகுந்து உளுந்து சேதம்' என்று தலைப்பு வைத்தால் நடந்தது என்னவோ அது அப்படியே தெரிகிறது. எந்தக் கிடை, எந்த ஊர்க் கீதாரி என்று கேட்கத் தோன்றுகிறது. 'நாடோடிகள் அட்டகாசம்' என்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

உங்கள் நிருபரை ஒருமுறை கிடைக்கு அனுப்பிவையுங்கள். சித்திரையில் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் எந்த டீக்கடையிலும் "ராமநாதபுரத்துக் கிடை எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். பகலில் போனால் கூடாரத்தில் பெண்களும் குட்டிகளும்தான் இருப்பார்கள், கீதாரியைப் பார்க்க முடியாது. பொழுது சாய்கிறபோது வலை கட்டுகிற நேரத்துக்குப் போகச் சொல்லுங்கள். தூரத்திலேயே நின்று குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும், நாய்கள் பொல்லாதவை. ராத்திரி பளிச்சென்று விளக்குப் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், மந்தை மிரண்டு வலையை அறுத்துக்கொண்டு ஓடினால் விடியும் வரை தேட வேண்டியிருக்கும். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், குழம்பு கொஞ்சம் காரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ராஜசிங்கமங்கலம் வட்டம்,
ராமநாதபுரம் மாவட்டம்.